மலையகத்து இல்லங்களில் வெள்ளி: வரலாறும் பேணுகையும்

தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முந்திய நாள்களில் வட்டகொடையைச் சூழ்ந்த தோட்டங்களின் பீலிக்கரைப் பக்கமாகச் செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். பெண்டிர் குத்துவிளக்கையும் செம்பையும் தாம்பாளத்தையும் புளியும் சாம்பலுங் கொண்டு விளக்கிக் கொண்டிருப்பர். அவற்றினிடையே, துணியில் முடிந்து கொண்டுவரப்பட்ட பழைய வெள்ளித் தண்டை ஒன்றோ, குழந்தைக்குப் பால் புகட்டிய பாலாடை ஒன்றோ, குங்குமச் சிமிழ் ஒன்றோ இருத்தல் உண்டு. கறுத்துப்போன அப்பொருளும் பித்தளையோடு பித்தளையாகத் தேய்க்கப்பட்டு வெளுக்கும். இதனை வீட்டு வேலை என்ற அளவிலேயே நாம் கருதி வந்துள்ளோம். வரலாற்று மாணவரும் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும் என்பதையும், துலக்கும் முறையில் உள்ள பிழையினால் நம் மக்களின் சான்றுகள் சில ஆண்டுதோறும் அழிந்து வருகின்றன என்பதையும் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், இவ்வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதை நோக்குவோம். இலங்கை மண்ணில் வெள்ளி மிகுதியாகக் கிடைப்பதில்லை. துட்டகைமுனு மன்னன் மகாதூபத்தை எழுப்பிய காலத்தில் வெள்ளி கண்டெடுக்கப்பட்ட செய்தியை மகாவமிசம் கூறும். குருநாகலுக்கு அணித்தாயுள்ள இரிதி விகாரை அதன் நினைவைத் தன் பெயரில் தாங்கி நிற்கின்றது. சிங்களத்தில் இரிதி என்பது வெள்ளியைக் குறிக்கும். எனினும் இத்தீவில் வழங்கிய வெள்ளியிற் பெரும்பகுதி கடல் கடந்து வந்ததேயாம். பாரசீக நாட்டு இலார் என்னும் நகரின் பெயரால் இலாரி எனப்பட்டதும், வெள்ளிக் கம்பியைத் தூண்டில்போல வளைத்துச் செய்யப்பட்டதுமான நாணயம் 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளிற் கண்டி இராச்சியத்தில் வழங்கியது. 1660 முதல் 1679 வரை அங்கே சிறைப்பட்டிருந்த இறொபேட்டு நொக்சு என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியான தமது நூலில் இவ்வளைந்த நாணயத்தைப் பற்றிக் கூறியுள்ளார்.

தோட்டத் தொழிலாளர் இல்லங்களில் இன்று காணப்படும் வெள்ளியோ வேறொரு வழியால் வந்தது. 1820களிற் கோப்பிப் பயிர்ச்செய்கை தோன்றியபின், திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளினின்றும் தொழிலாளர் திரள் திரளாக இம்மலைகளுக்கு வந்தனர். 1867இல் ஜேம்சு ரெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். 1869இற் கோப்பி இலைகளிற் காணப்பட்ட நோய் அடுத்த இருபதாண்டுகளுள் அப்பயிரை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பெற்றது. 1885இல் இருப்புப்பாதை தலவாக்கலை, வட்டகொடை வழியாக நானுஓயாவை எட்டியது. பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்பிச் சென்ற கோப்பித் தொழிலாளர் போலன்றி, தேயிலைத் தொழிலாளர் ஆண்டு முழுவதும் லயங்களிலே தங்கிக் குடும்பமாய் வாழலாயினர். குடும்பம் நிலைத்த இடத்தில் அணிகலனும் நிலைப்பது இயல்பன்றோ?

இலங்கை 1872 முதல் ரூபாவையும் சதத்தையும் கொண்டு கணக்கு வைத்தது. சதங்களை இலங்கைக்கென அச்சிட்டனர்; ஆனால் வெள்ளி ரூபா நாணயம் இந்தியாவினின்றும் வந்ததே. தோட்டக் கூலியாக இம்மலைகளில் எண்ணிக் கொடுக்கப்பட்டது கல்கத்தாவிலும் பம்பாயிலும் அச்சிடப்பட்ட நாணயமாகும். அதன் நிறை 180 குன்று, அதாவது ஏறத்தாழ 11.66 கிராம். அதில் 12இல் 11 பங்கு வெள்ளி. எஞ்சிய ஒரு பங்கு செம்பு முதலிய கலப்பு. நிறை மாறாத இந்நாணயத்தையே தட்டாரும் வைத்தியரும் படிக்கல்லாகக் கொண்டமையால், "பத்து ரூபா எடை" என்ற வழக்குத் தோன்றியது. தண்டை செய்விக்க விரும்பியவர், வேண்டிய அளவு ரூபா நாணயங்களை ஆசாரியிடங் கொடுப்பார். அவர் அவற்றை உருக்கித் தண்டையாக அடித்துக் கொடுப்பார். கூலியும் மூலப்பொருளும் நிறைகல்லும் ஒன்றாகவே இருந்த காலம் அது.

இங்ஙனம் செய்யப்பட்டவை பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியவை. தண்டை, கொலுசு, காப்பு, மெட்டி, அரைஞாண், பாலாடை, சிமிழ் என்பன அவை. பொன்னைக் காலில் அணிதல் ஆகாது என்னும் மரபால் காலணிகள் வெள்ளியாலேயே அமைந்தன. ஆயினும் மரபு மட்டுமே காரணம் அன்று. தொழிலாளி தோட்டத்துக்கு வரும்போதே கங்காணியிடம் முற்பணக் கடனோடு வந்தார். அக்கடனைக் குறித்த துண்டுச் சீட்டே அவரை ஒரு தோட்டத்தில் நிறுத்தவும் மற்றொரு தோட்டத்துக்கு மாற்றவும் கருவியாயிற்று. 1921இலேதான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆண்மகன் பெயரிற் கடன் ஏறிக்கொண்டே சென்ற வாழ்க்கையில், மனைவியின் காலில் இருந்த வெள்ளி அக்குடும்பத்தின் சேமிப்பு வங்கியாயிற்று. நோய், சாவு, ஊர்ப் பயணம், திருமணம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அது அடகுக் கடைக்குச் சென்றது. மீட்கப்பட்டால் திரும்பி வந்தது.

அவ்வங்கியும் உறுதியானதாக இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1870களில் ஐரோப்பிய நாடுகள் பொன் நாணய முறைக்கு மாறியமையாலும், அமெரிக்கச் சுரங்கங்களில் வெள்ளி பெருகியமையாலும் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரிந்தது. 1870களின் தொடக்கத்தில் 2 சிலிங்குக்குச் சற்றுக் குறைவாயிருந்த ரூபாவின் மதிப்பு 1894 அளவில் 1 சிலிங்கு 1 பென்சு வரை இறங்கியது. தேயிலையை இலண்டனிற் பொன் மதிப்பில் விற்றுக் கூலியை வெள்ளியிற் கொடுத்த தோட்ட உரிமையாளர்க்கு இச்சரிவு ஆதாயமாயிற்று. 1893 யூன் 26ஆம் நாள் இந்திய அரசு தனியார் கொணரும் வெள்ளியை நாணயமாக அச்சிட்டுக் கொடுப்பதை நிறுத்தியது. அன்று முதல் ரூபாவின் முகமதிப்பு ஒன்று, அதிலுள்ள வெள்ளியின் விலை மற்றொன்று என்றாயிற்று. ஏழை மக்கள் அணியாக வைத்துள்ள வெள்ளியின் மதிப்பு குறைந்துவிடும் என்பது இம்முடிவுக்கு எதிராக அக்காலத்திற் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்றாகும். ரூபாவை உருக்கித் தண்டை செய்தவர், உருக்கிய அக்கணமே அதன் மதிப்பில் ஒரு பங்கை இழந்தவரானார். அதனை அறியாமலும், அறிந்தும் வேறு வழியின்றியும் நம் முன்னோர் வெள்ளியையே நாடினர்.

ஒரு தண்டையின் விலையை உழைப்பாகக் கணித்துப் பார்ப்போம். 1927ஆம் ஆண்டின் குறைந்த கூலிச் சட்டத்தின்படி 1929இல் நடைமுறைக்கு வந்த விகிதங்களில், மேல்மலைநாட்டுத் தோட்டங்களில் ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண் தொழிலாளிக்கு 43 சதமும் விதிக்கப்பட்டன. 40 ரூபா எடையுள்ள ஒரு சோடித் தண்டைக்கு, ஆசாரியின் கூலி நீங்கலாக, ஒரு பெண் 93 நாள்கள் முழுப்பேர் போட்டாக வேண்டும். அரிசிக்கும் துணிக்கும் கழிவு போக மிஞ்சியதைக் கொண்டு சேர்ப்பதாயின், அது பல ஆண்டுச் சேமிப்பு என்பது வெளிப்படை. 1940இல் இந்திய அரசு ரூபாவின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. பழைய நாணயங்கள் அடுத்த சில ஆண்டுகளில் மீளப்பெறப்பட்டன. 1947இல் நிக்கல் ரூபா வந்தது. கூலிப்பணத்தை உருக்கி அணி செய்யும் காலம் அத்தோடு முடிவுற்றது. எனவே, நாணய வெள்ளியாற் செய்யப்பட்ட தண்டை பெரும்பாலும் 1940களின் நடுப்பகுதிக்கு முற்பட்டதாகவே இருத்தல் கூடும். உரைகல்லில் மாற்றுப் பார்க்கும் ஆசாரி, தம்மை அறியாமலே காலத்தையும் ஓரளவு கணிக்கிறார் எனலாம்.

இனி, இப்பொருள்களை வரலாற்றுச் சான்று என யான் வற்புறுத்துவதற்குக் காரணம் கூறுவேன். நிலமுடைய குடிகளுக்கு உறுதிச் சாசனம் உண்டு. கோயிலுடைய ஊர்களுக்குக் கல்வெட்டு உண்டு. தோட்டத் தொழிலாளரைப் பற்றிய எழுத்துச் சான்றுகளோ தோட்ட அலுவலகச் செக்ரோலிலும் கங்காணியின் கணக்கிலும் இருந்தன. அவை பிறர் கையில் இருந்தவை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம்மவரைப் புறத்தே நிறுத்தியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோர், 1946 சனவரி 1ஆம் நாளுக்கு முன் தொடர்ச்சியாக, மணமானோராயின் 7 ஆண்டுகளும், மணமாகாதோராயின் 10 ஆண்டுகளும் இங்கு வாழ்ந்ததை நிறுவ வேண்டியிருந்தது. தலைமுறைகளாக இங்கு உழைத்தும் அதனைக் காட்டக் கடதாசி இல்லாமையால் அல்லலுற்றோர் எண்ணற்றோர். விண்ணப்பித்தோருட் பெரும்பாலோர் மறுக்கப்பட்டனர்.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாத்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொண்டன. ஒரு குடும்பம் கொண்டுசெல்ல அனுமதிக்கப்படும் சொத்தின் உச்ச அளவு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படமாட்டாது என்ற வாசகம் அவ்வுடன்படிக்கையில் உண்டு. உடன்பிறந்தோருள் ஒருவர் செல்ல ஒருவர் தங்கினார். மலைநாட்டு நிலையங்களினின்றும் தலைமன்னார்த் துறைக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியை மக்கள் "ஒப்பாரிக் கோச்சி" என்றனர். வீட்டுப் பொருளைப் பங்கிட்டபோது சோடித் தண்டையில் ஒன்று அங்கும் ஒன்று இங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. எமது குடும்பம் அவற்றுள் ஒன்று. ஒற்றைத் தண்டையை எவரும் அணிவதில்லை. அதனை வைத்திருப்பது நினைவின் பொருட்டே.

அவ்வொற்றைத் தண்டை எமது பாட்டியாரின் தாயாருக்குத் திருமணத்தின்போது செய்யப்பட்டது. ஒன்றுக்கு 20 ரூபாவாகச் சோடிக்கு 40 ரூபா உருக்கப்பட்டது என்பது குடும்பத்தில் வழங்கும் செய்தி. அதன் உட்புறத்திலே, பாத்திரங்களிற் பெயர் வெட்டுவதுபோலப் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் இருந்தன. எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்த ஒரு தீபாவளிக்கு, பாட்டியாரை மகிழ்விக்கக் கருதி அதனைச் செங்கற்பொடியிட்டு யானே தேய்த்தேன். அது பளபளத்தது, பாட்டியாரும் மகிழ்ந்தார். எழுத்துகளை எவரும் நினைக்கவில்லை. பல்லாண்டுச் சாம்பலால் மெலிந்திருந்த அவற்றிற்கு என் செங்கற்பொடியே இறுதியாயிற்று. பின்னர் கல்வி பெற்று, எம் முன்னோரின் ஊர் எது என வினவும் வயதில் அதனை எடுத்துப் பார்த்தபோது, "மு" என்ற ஓரெழுத்தும் மற்றோர் எழுத்தின் வளைவுமே எஞ்சியிருந்தன. பாட்டியார் அப்பொழுது காலமாகிவிட்டார். ஊரின் பெயரைச் சொல்வார் ஒருவருமில்லை. இன்று அதன் நிறை 221 கிராம். 20 ரூபாவின் நிறை 233 கிராம். குறைந்த 12 கிராமில் ஆசாரியின் சேதாரம் எவ்வளவு, எங்கள் சாம்பல் எவ்வளவு என்று இனிப் பிரித்தறிதல் இயலாது.

வெள்ளி கறுப்பதன் காரணத்தை அறிந்திருந்தால் இப்பிழை நேர்ந்திராது. பித்தளையிலும் செம்பிலும் படிவது பெரும்பாலும் ஒட்சைட்டு. புளியின் அமிலம் அதனைக் கரைக்கும். வெள்ளியைக் கறுக்கச் செய்வதோ கந்தகம். காற்றில் மிகச் சிறிய அளவில் உள்ள ஐதரசன் சல்பைட்டு முதலிய வாயுக்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளிச் சல்பைட்டு என்னும் மெல்லிய போர்வையை உண்டாக்குகின்றன. அது முதலில் மஞ்சளாயும் பின் கபில நிறமாயும் நீலமாயும் தோன்றி ஈற்றிற் கறுக்கும். ஈரக்காற்று இதனை விரைவுபடுத்தும். மூடுபனி நீங்காத நம் மலைகளில் இது மிகுதி. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையின் அடுப்புப் புகையும் அதன்மேற் கரியைப் படியச் செய்தது. சல்பைட்டுப் போர்வையைப் புளி எளிதிற் கரைப்பதில்லை. ஆகவே கறுப்பு நீங்குவது புளியால் அன்று. சாம்பலிலும் மணலிலும் செங்கற்பொடியிலும் உள்ள கடினமான துகள்கள் சுரண்டுவதாலேயாம். கறுப்பு என்பதே வெள்ளியின் ஒரு பகுதி ஆதலின், ஒவ்வொரு முறை சுரண்டும்போதும் வெள்ளியே தேய்கின்றது. உமிச்சாம்பலிற் சிலிக்கா மிகுதியாதலால் அதன் தீங்கும் மிகுதி. பற்பசையும் இத்தகையதே.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியையும் கூறுதல் பொருந்தும். நீலகிரிக்குச் சென்ற எம் உறவினர், தாயகம் திரும்பியோர்க்கென 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் தொழில் பெற்றவர்கள். அவர்களிடமிருந்த மற்றைத் தண்டை அரை நூற்றாண்டாகத் தகரப்பெட்டியின் அடியிற் கிடந்தது. எவரும் அதனைத் துலக்கவில்லை. அண்மையில் எனது வேண்டுகோளுக்கிணங்க அதனை எடுத்துக் கைபேசியிற் படம்பிடித்து அனுப்பினர். கரிய அத்தண்டையின் உட்புறத்தில் "முசிறி" என்ற எழுத்துகள் புள்ளி தவறாமல் இருந்தன. முசிறி காவிரிக் கரையில் உள்ளதோர் ஊர். அது எம் முன்னோரின் ஊரா, தண்டை செய்த ஆசாரியின் ஊரா என்பதைத் துணிதற்கு மேலுஞ் சான்று வேண்டும். எனினும் பேணிய எம் கையில் அழிந்த பெயரைப் பேணாது விட்ட கறுப்புக் காத்துத் தந்தது என்பதில் ஐயமில்லை.

ஆயின் வெள்ளியைத் துலக்கவே கூடாதோ எனின், அற்றன்று; அளவறிந்து துலக்க வேண்டும் என்பதே கருத்து. முதலில் எழுத்து, முத்திரை, பழுதுபார்த்த ஒட்டு ஆகியவற்றைத் தேடிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்க. பின்னர் இளஞ்சூடான நீரில் மென்மையான சவர்க்காரம் சிறிதிட்டுப் பருத்தித் துணியாற் கழுவி, நன்னீரில் அலசி, ஈரம் அறவே நீங்கத் துடைத்து உலர்த்துக. பெரும்பாலான பொருள்களுக்கு இதுவே போதும். மேலும் ஒளி வேண்டுமாயின், தூய நுண்ணிய சுண்ணத்தூளை நீரிற் குழைத்துப் பஞ்சினால் மெல்லத் தடவலாம். எழுத்துள்ள இடத்தைத் தவிர்த்துவிடுக.

அலுமினியப் பாத்திரத்தில் வெந்நீரும் சலவைச் சோடாவும் இட்டு, வெள்ளி அலுமினியத்தைத் தொடுமாறு வைத்தால் கறுப்பு நீங்குவதைப் பலர் அறிவர். இது சுரண்டும் முறையன்று. சல்பைட்டிலுள்ள வெள்ளி மீண்டும் உலோகமாகப் படிகின்றது. கந்தகம் பிரிந்து அழுகிய முட்டை மணத்தைத் தருகின்றது. ஆனால் அவ்வாறு படியும் வெள்ளி நுண்துளை உடையதாய் ஒளி மங்கியிருக்கும். மீண்டும் விரைவிற் கறுக்கவுங் கூடும். உள்ளே அரக்கு நிரப்பிய தண்டைக்கும், கல் பதித்த அணிக்கும், வேலைப்பாடு விளங்குமாறு பள்ளங்களை ஆசாரி வேண்டுமென்றே கறுப்பித்த பொருளுக்கும் இம்முறை ஆகாது. கடைகளில் விற்கும் தோய்த்தெடுக்கும் அமில நீர்மங்களைப் பழம்பொருளுக்கு வழங்காதிருத்தலே நன்று.

துலக்குவதினுஞ் சிறந்தது கறுக்காமற் காத்தல். நாடோறும் அணியப்படும் வெள்ளி உடலோடு உராய்ந்து தானே ஒளிர்கின்றது. பெட்டியிற் கிடப்பதே கறுக்கின்றது. நன்கு துவைத்துக் கஞ்சி போடாது உலர்த்திய பருத்தித் துணியில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி, இறுக மூடும் பெட்டியில் வைக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்காக் களிச் சிறுபைகள் இரண்டொன்றை உடன் வைத்தல் நலம். கம்பளித் துணியிலும் இறப்பர் வளையத்திலும் கந்தகம் உண்டு. ஆகலின் அவை அருகில் ஆகா. செய்தித்தாளிற் சுற்றுதலும் அடுப்படித் தட்டில் வைத்தலும் தவிர்க்கத்தக்கன. வெங்காயமும் முட்டையும் வைக்கும் இடத்தில் வெள்ளியை வைத்தலாகாது. எடுக்கும்போது வியர்வைக் கையால் தொடாது துணியாற் பற்றுக.

இவையனைத்தினும் முதன்மையானது, பொருளோடு அதன் வரலாற்றையும் சேர்த்து வைத்தலாகும். யாருக்காகச் செய்யப்பட்டது, எந்தத் தோட்டத்தில் இருந்தது, எத்தனை முறை அடகு சென்று மீண்டது, யார் யார் அணிந்தனர் என்பனவற்றை வீட்டு முதியோரிடங் கேட்டு ஒரு தாளில் எழுதி அப்பெட்டியினுள் வைக்க வேண்டும். நிறையையும் எழுதுக. வெள்ளி விலை ஏறும் காலங்களில் இப்பழம்பொருள்கள் கடைக்குச் சென்று ஓரிரவில் உருகிவிடுகின்றன. வறுமையால் விற்போரைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. அப்பொருள்கள் செய்யப்பட்டதே அத்தகைய நாளுக்காகத்தான். விற்பதன் முன் ஒரு படமும் ஒரு குறிப்பும் எடுத்துக்கொண்டால் வெள்ளி போயினும் சான்று நிற்கும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் உங்கள் இல்லத்துத் தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். கறுத்த வெள்ளி ஏதேனும் இருப்பின், துலக்கப் புகுமுன் வெளிச்சத்திற் பிடித்து அதன் உட்புறத்தைப் படியுங்கள். படித்ததை எழுதிக்கொண்டு பாட்டியாரிடம் வினவுங்கள். துணியையும் சவர்க்காரத்தையும் அதன்பின் எடுத்துக்கொள்ளலாம்.